எழுபதில் விழுந்த பள்ளம்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நல்லதாக ஏதாவது கைக்கு வந்தால் அதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தப் பழக்கத்தால், இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து ஊர் திரும்பவிருந்த ஒரு குடும்பம் திரும்பாமலே போகப் பார்த்தது. அந்தக் கதையை இதுவரை வாயால் பலருக்குச் சொல்லிவிட்டேன். எழுதினால் கொஞ்சம் பொய் குறையும் என்று நினைக்கிறேன்.

அப்போது நான் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் ஹயர் கார் ஓடிக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து சனங்கள் காணி துப்புரவாக்கிக் குடியேறிக்கொண்டிருந்த காலம். முசலிக் கரையில் மறிச்சுக்கட்டி வரைக்கும் தகரக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கிருந்து காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிவருவதும், பெற்றவர்களைப் பிள்ளையோடு கொண்டுபோய் விடுவதும் என் தொழில். என் கார் ஒரு பழைய ஜப்பான் டீசல். நாலு பேர் ஏறினால் கறுப்புப் புகை கக்கும். எக்சிலேற்றரை மிதித்தால் போகவா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். சிலாவத்துறையில் ஏற்றிய ஒரு கிழவர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் தன் காய்ச்சல் மாறிவிட்டது என்று என்னை நக்கலடித்தார்.

ஒருநாள் எருக்கலம்பிட்டியில் ஆள் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கார் மூச்சு வாங்கிக்கொண்டு ஒழுங்கை முனையில் நின்றது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல் பொனற்றைத் திறந்தார். சைக்கிள் கரியரில் இருந்த, ஸ்குறூ கழற்றுகிற நீளமான திருப்புளியை எடுத்து, அதன் நுனியை டீசல் பம்பில் வைத்தார். மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார்.

"ஸ்ராட் பண்ணுங்கோ தம்பி" என்று பல்லிடுக்கால் சொன்னார்.

நான் ஸ்ராட் பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திருப்புளியை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.

"மூண்டாவது நொசில் சரியாத் தூவேல்ல. பம்பும் சோம்பேறியாக் கிடக்கு."

"பல்லாலயோ கேட்டனீங்கள்?"

"காதுக்கு ஊர்ச் சத்தமெல்லாம் கேக்கும். பல்லுக்கு எஞ்சின் மட்டுந்தான் கேக்கும்."

அன்றே நான் அவரிடம் விழுந்துவிட்டேன். எனக்கு யாரையும் இலேசில் பிடிக்காது. பிடித்துவிட்டால் பிறகு விடமாட்டேன். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி அவரை நான் நானா என்று கூப்பிடத் தொடங்கினேன்.

அவருடைய கதை அந்த ஊரில் எல்லாருடைய கதையும்தான். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது ஊரோடு வெளியேற்றப்பட்டவர். அப்போது மன்னார் ரவுணில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்த இளந்தாரி. புத்தளத்தில் அகதி முகாம், பிறகு கொட்டில், பிறகு கல்வீடு. ஊரான் கராஜ்களில் இருபது வருடத்துக்கு மேல் லொறி எஞ்சின்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். சண்டை முடிந்ததும் தனியே வந்து, தகப்பனின் காணியில் உடைமுள்ளை வெட்டித் தகரக் கொட்டகை போட்டிருந்தார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் புத்தளத்திலேயே இருந்தார்கள். பிள்ளைகள் பிறந்ததும் படித்ததும் அங்கேதான்.

மனைவி ஒரு கெடு வைத்திருந்தார். டிசம்பரில் பள்ளிக்கூடம் விடுவதற்குள் கராஜ் ஓடத் தொடங்கினால் பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு வருவது. இல்லாவிட்டால் நானா கொட்டகையைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்குத் திரும்பிப் போவது. இரண்டு அடுப்பு எரிக்க முடியாது, தகப்பன் இல்லாமல் குமர்ப்பிள்ளைகளை வைத்திருக்கவும் முடியாது என்பது மனைவியின் நியாயம். அதில் பிழை சொல்ல இடமில்லை. வைகாசியிலிருந்து கொட்டகைக்கு வந்தவை இரண்டு முச்சக்கர வண்டிகளும் ஒரு தண்ணீர்ப் பம்பும்தான்.

"உங்கட காரைத் தாங்கோ" என்றார். "இது நல்லா ஓடினா ஸ்ராண்டில உள்ள மற்ற ஆக்களும் வருவினம்."

"ஸ்ராண்டை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். வாயைக் கொடுப்பதில் நான் ஒருநாளும் பின்நின்றதில்லை.

மூன்று நாள் வேலை. நொசில்களைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தூவ விட்டுப் பார்த்தார். பம்பின் ஸ்குறூவைத் திருப்பியதைப் பார்த்தவர்கள் அதைத் திருப்பினார் என்று சொல்லமாட்டார்கள். தொட்டார் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு தடவை தொட்ட பிறகும் எஞ்சினைச் சூடாக்கி, புகைக்குழாய்க்கு நேரே வெளுத்த வெள்ளைத் துணி ஒன்றைப் பிடிப்பார். துணியில் படிந்த கரியை வெயிலில் வைத்துப் பார்ப்பார். கறுப்பு என்றால் டீசல் கூட, ஒன்றுமில்லை என்றால் டீசல் போதாது. அவருக்கு வேண்டியது பால் விடாத பிளேன்ரியின் நிறம். அந்த நிறம் வரும்வரை ஒரு கொடி நிறையத் துணி காயப்போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காரை எடுத்தபோது அது என்னுடைய கார்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மிதித்த உடனே முதுகு சீற்றில் ஒட்டியது. தரிப்பிடத்துக்குப் போய்ச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. உன்ர வாய்தான் இழுக்குது என்றார்கள்.

கனடாவிலிருந்து என் தங்கச்சி அனுப்பிய போன் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் காரின் வேகத்தை அளக்கும் செயலி ஒன்றை இறக்கினேன். போனைக் காரின் முன்தட்டில் வைத்துவிட்டு ஓடினால், எத்தனை செக்கனில் எண்பதைத் தொட்டோம் என்று செய்மதியைக் கேட்டுச் சொல்லும். வேகம் ஏறியதை ஒரு கோடாகவும் கீறிக் காட்டும். நல்ல எஞ்சின் என்றால் கோடு வளைந்து நேர்த்தியாக மேலே போகும். போனை இறப்பர் பட்டி இரண்டால் இறுக்கிக் கட்டினேன்.

பாலம் தாண்டி வங்காலைப் பக்கம் திரும்பினால் உவர் வெளிக்கு நடுவே நேரான றோட்டு. புதுசாகத் தாரில் கார்ப்பட் விரித்திருந்தார்கள். சோளகம் வீசும் காலம் என்பதால், காற்று எழும்புவதற்கு முன்பாகக் காலை ஆறு மணிக்குப் போனோம். நானா சுபஹு தொழுதுவிட்டு வந்திருந்தார். ஒரு மதகடியில் காரை மன்னார்ப் பக்கம் திருப்பி நிறுத்தி அங்கிருந்து ஓடினேன். பதினாலு செக்கன். வேலை செய்வதற்கு முன்பு அதே இடத்தில் கைமணிக்கூட்டை வைத்துச் சும்மா அளந்து பார்த்தபோது இருபத்திரண்டு. நான் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்று சிரித்தேன். நானா போனைக் கையில் வாங்கி அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை அவளுக்கு அனுப்பேலுமா?" என்று கேட்டார்.

மனைவிக்குத்தான். அந்தப் படத்தை அங்கேயே நின்று மூத்த மகளின் போனுக்கு அனுப்பினேன். பிறகு நேரே தரிப்பிடத்துக்குப் போய் ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் போனை நீட்டினேன். அங்கேதான் என் பழக்கம் வேலையைக் காட்டியது.

எங்களில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார், ஆனால் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். அவர் போனை வாங்கி, கோட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதென்ன பள்ளம்?"

எழுபதுக்குக் கிட்ட, ஏறிவந்த கோடு சட்டென்று கீழே இறங்கி மறுபடி ஏறியிருந்தது. நான் இலக்கத்தை மட்டும் பார்த்தவன். கோட்டைப் பார்க்கவில்லை.

"எழுபதில பம்ப் மூச்சை விடுது" என்றார் கண்ணாடிக்காரர். "இதோட முந்தப்போனா எதிரில வாற லொறிக்குள்ளதான் போவாய்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் பின்னேரத்துக்குள் கதை பரவிவிட்டது. அன்று போனைப் பார்த்ததும் கார் கொண்டுவருவதாகச் சொன்ன இரண்டு பேரும் வேலை இருக்கிறது என்று நழுவினார்கள். நான் போய் நானாவிடம் பள்ளத்தைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. நான் போனைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் இது ஒருவருக்கும் தெரிந்திராது.

அவர் பம்பைக் கழற்றினார். பாயை விரித்து, ஒவ்வொரு சாமானாக டீசலில் கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். மறுநாள் ஓடினோம். அதே பள்ளம். மறுபடியும் கழற்றினார். இந்தத் தடவை சாப்பிடவும் எழும்பவில்லை. மகள் போன் எடுத்தபோது, வேலையாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தார். மறுபடியும் ஓடினோம். பள்ளம் அப்படியே இருந்தது. பம்பை இரண்டு தரம் கழற்றிய செய்தி தரிப்பிடத்துக்கு எங்களுக்கு முன்பே போயிருந்தது.

மூன்றாம் முறை அவர் பம்பைத் தொடவில்லை. பாயில் குந்தியிருந்து கனநேரம் போனைப் பார்த்தார்.

"தம்பி, நாளைக்கு மதகடியில வெளிக்கிட வேண்டாம்" என்றார். "நூறு கவடு பின்னுக்குப் போய் வெளிக்கிடுவம்."

"ஏன்?"

"செய்து பாப்பம்."

நூறு எட்டு அளந்து பின்னுக்குப் போய்ச் செய்து பார்த்தோம். அந்தத் தடவை பள்ளம் எழுபதில் விழவில்லை. எண்பது தாண்டி விழுந்தது. பிறகு மதகிலிருந்து நூறு கவடு முன்னுக்குப் போய் வெளிக்கிட்டோம். பள்ளம் நாற்பதில் விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு முகம் தெளிந்துவிட்டது.

"பம்பில பிழையெண்டா எங்க வெளிக்கிட்டாலும் எழுபதிலதான் விழோணும்" என்றார். "இது வேகத்தில விழேல்ல. இடத்தில விழுது. மூண்டு தரமும் அந்த உடைமரத்தடியிலதான்." றோட்டோரத்தில் தனியே நின்ற ஒரு முள்மரத்தைக் கையால் காட்டினார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். ஒரு போனையும் நூறு கவடு றோட்டையும் வைத்துக்கொண்டு, பம்பில் பிழை இல்லை என்று ஒரு சாமானும் கழற்றாமல் நிறுவிவிட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் பெருநாளில்தான் கட்டிப்பிடிப்பார்கள்.

இடத்தில் பிழை என்றால் றோட்டில் என்று நினைத்தோம். இறங்கி நடந்து பார்த்தோம். கார்ப்பட் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நானா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுறோட்டில் வயிறுபடப் படுத்து, கன்னத்தைத் தாரில் வைத்து மட்டம் பார்த்தார். இரண்டு கழுதைகள் நின்று அவரை வேடிக்கை பார்த்தன. ஒரு மேடுமில்லை, ஒரு குழியுமில்லை. எழும்பி மண்ணைத் தட்டிவிட்டுக் கையை நீட்டினார்.

"கார்த் திறப்பைத் தாங்கோ. நான் ஒருக்கா ஓடிப்பாக்கிறன்."

அவர் ஓடினார். நான் பக்கத்தில் இருந்தேன். பதின்மூன்று செக்கன். கோடு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி மேலே போயிருந்தது. உடைமரத்தடியில் ஒரு சுருக்கமும் இல்லை.

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அப்ப எனக்கு ஓடத் தெரியாதெண்டு சொல்லுறீங்கள்."

"நான் ஒண்டும் சொல்லேல்லயே தம்பி."

"இருபத்தஞ்சு வருசமா இந்த றோட்டில ஓடுறன். குண்டு விழேக்கயும் ஓடினனான்."

"ஓடுங்கோ" என்றார். "இன்னொருக்கா ஓடுங்கோ. நான் றோட்டைப் பாக்கேல்ல, உங்களைப் பாக்கிறன்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பள்ளம் விழக்கூடாது என்று முழுமனதோடு மிதித்தேன். எண்பதைத் தொட்டதும் ஓரங்கட்டி நிறுத்தினேன். போனைப் பார்த்தேன். எழுபதில் பள்ளம்.

"கால் எழும்பினது" என்றார் அவர்.

"எழும்பேல்ல."

அவர் என்னோடு வாதாடவில்லை. கையை மேலே நீட்டி, காரின் கூரையில் இருந்த உள்லைட்டை அணைத்தார். காலை ஆறரை மணி வெயிலில் அது எரிந்துகொண்டிருந்தது. அதை நான்தான் போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் திரும்பி அந்த உடைமரத்தைச் சரியாகப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் அந்த மரத்தடியில்தான் தார்ப்பீப்பாய்கள் தொடங்கும். அதற்கு அப்பால் மண்மூட்டைகளும் ஆமிக் காவலரணான சென்றியும். மரத்தைக் கண்டதும் எக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டும், முன்லைட்டை அணைக்க வேண்டும், உள்லைட்டைப் போட்டு முகத்தைக் காட்ட வேண்டும், நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். ஒருநாள் வலியெடுத்த ஒரு பிள்ளைத்தாய்ச்சி பின்சீற்றில் கத்திக்கொண்டிருந்த அந்தரத்தில், மரத்தடியில் காலை எடுக்க மறந்துவிட்டேன். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே நீண்டது. இரண்டு கையையும் ஸ்ரேறிங்கில் வைத்துக்கொண்டு, தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் மாறிமாறிச் சொன்னேன். பின்சீற்றைப் பார்த்துவிட்டு விட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சுகமாகப் பிள்ளை பிறந்தது. நான் இரண்டு நாள் கார் எடுக்கவில்லை.

சென்றி எடுபட்டுச் சில வருடமாகிவிட்டது. பீப்பாயும் இல்லை, மண்மூட்டையும் இல்லை. நானும் அதை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் காலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கையும் லைட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதையெல்லாம் நானாவிடம் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

அவர் போனைக் கழற்றி என் கையில் தந்தார்.

"இதை ஸ்ராண்டில சொல்லவேண்டாம்" என்றார்.

"சொன்னாத்தானே பம்பில பிழையில்லையெண்டு தெரியும்?"

"நீங்க ஆஸ்பத்திரிக்கு ஆக்களை ஏத்துற ஆள். கால் தன்ர பாட்டுக்கு எழும்புது எண்டு கதை வந்தா உங்களை ஆர் கூப்பிடுவினம்? சின்னப் பிழை ஒண்டு இருந்தது, திருத்தியாச்சு எண்டு சொல்லுங்கோ."

"உங்களில ஒரு பிழையும் இல்லையே நானா."

"இருந்ததெண்டு போகட்டும். எனக்கு அது பாரமில்லை."

அவருக்கு அது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அவர் சொன்னபடியே செய்தேன். பிழை இருந்தது, திருத்தியாயிற்று என்று தரிப்பிடத்தில் சொன்னேன். என் மானம் தப்பியது. இரண்டு தரம் பம்பைக் கழற்றிய பிறகும் பிழை வைத்திருந்த மனிதனிடம் யார் காரைக் கொண்டுபோவார்கள் என்று மற்றவர்கள் கதைத்தார்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

மூன்று கிழமை கழித்து ஒரு காலையில் எண்ணெய் மாற்றுவதற்காக எருக்கலம்பிட்டிக்குப் போனேன். கொட்டகையில் கொடி வெறுமையாகக் கிடந்தது. நானா தன் வேலை ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து ஒரு மரப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அவள் வரச் சொல்லுறாள்" என்றார். "டிசம்பர் மட்டும் இருந்தென்ன, இப்ப போனாலென்ன. புத்தளத்தில பழைய கராஜில கேட்டனான், வரச் சொல்லிட்டினம். என்னை பஸ்ஸடியில இறக்கிவிடுறீங்களா?"

என்னைக் குறைசொல்லும் தொனி அதில் துளியும் இருக்கவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பெட்டியைத் தூக்கிக் காரின் பின்பெட்டியில் வைத்தேன். அவரை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். பஸ் நிலையத்துக்குத் திரும்பாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போறீங்க தம்பி?"

"ஒரு நிமிசம் நானா."

தரிப்பிடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டு அவர்களுக்கு நடுவில் போய் நின்றேன். எனக்குக் கோபம் வந்தால்தான் உண்மை வரும். அன்று என்மேலேயே கோபம் வந்திருந்தது.

"பம்பில ஒருநாளும் பிழை இருக்கேல்ல" என்றேன். "பிழை என்ர காலில. வங்காலை றோட்டில பழைய சென்றி இருந்த இடத்தில என்ர கால் தானா எழும்புது. பட்டப்பகலில உள்லைட்டும் போடுறன். நான்தான் மறைச்சனான். இந்த மனுசன் என்ர மானத்தைக் காப்பாத்தத் தன்ர பேரைக் கெடுத்துப்போட்டு இப்ப பெட்டி கட்டிக்கொண்டு போறார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் எதிர்பார்த்தது சிரிப்பைத்தான். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சென்றி எடுத்து எவ்வளவு காலம்" என்றார். "எனக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. போனைத் தா."

அவர் தன் காரில் போனைக் கட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். இறங்காமல் சீற்றில் இருந்தபடியே போனை வெளியே நீட்டினார். அவருடைய கோட்டிலும் பள்ளம் இருந்தது. என்னுடையதைவிட ஆழமாக இருந்தது.

"தெரிஞ்சுகொண்டு போயும் எழும்பினது" என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு இன்னொருவர் போனார். அதற்குப் பிறகு வான் வைத்திருந்த ஒருவர். நாலு வண்டிகள், நாலு விதமான எஞ்சின், எல்லாவற்றுக்கும் உடைமரத்தடியில் பள்ளம். போன் கைமாறிக்கொண்டே இருந்தது. அன்று மத்தியானம் வரைக்கும் ஒருவரும் ஹயருக்குப் போகவில்லை. எத்தனையோ வருடம் பக்கத்தில் பக்கத்தில் வண்டி நிறுத்தியும், அந்த மரத்தடியில் தனக்கு என்ன நடந்தது என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னதில்லை. அன்று சொன்னார்கள்.

நானா வாகை மர நிழலில், தன் பெட்டி இருந்த காருக்குப் பக்கத்தில் நின்றார். வான்காரர் அவரைப் பார்த்து, கனத்துப்போன கதையை இலேசாக்க நினைத்துச் சொன்னார்:

"அப்ப எங்களுக்குள்ள பயமில்லாத ஆள் நானா ஒராள்தான்."

நானா சிரித்தார்.

"பயம் பழகுறதுக்கு நான் இஞ்ச இருந்திருக்கோணுமே தம்பி" என்றார்.

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்கு மறுமொழியாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் தொண்ணூறில் இளந்தாரிகள். அவருடைய ஊர் வெறுமையானபோது பார்த்துக்கொண்டு நின்றவர்கள். நானும் நின்றேன். அவருடைய சனத்தைப் போகச் சொன்னவர்கள் எங்கள் மொழிதான் பேசினார்கள். அதற்கு நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கண்ணாடிக்காரர்தான் அசைந்தார். என் காரின் பின்பெட்டியைத் திறந்து, நானாவின் மரப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கித் தன் காருக்குள் வைத்தார்.

"ஏறுங்கோ" என்றார். "என்ர காரும் கறுப்பாத்தான் புகைக்குது. இண்டைக்கே கழட்டுங்கோ."

நானா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அழுகிறதை அவருக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கார் எருக்கலம்பிட்டிப் பக்கம் திரும்பிப் போனது.

கார்த்திகை வருவதற்குள் கொட்டகைக்கு வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கத் தொடங்கின. கொடியில் துணிகள் இடமில்லாமல் காய்ந்தன. புத்தளத்தில் இரண்டு விடுகைப் பத்திரங்கள் எழுதி வாங்கியாயிற்று என்று நானா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். சாமான்கள் லொறியில் வந்தன. அவர்களைக் கூட்டிவர என் காரில்தான் போனோம்.

காட்டுப் பாதையால் மறிச்சுக்கட்டிக்கு வந்து, கரையோரமாக ஏறினோம். நானா முன்சீற்றில், மனைவியும் பிள்ளைகளும் பின்னால். அவர் மனைவி வழி முழுக்கச் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். வங்காலை தாண்டும்போது பிள்ளைகள் நித்திரை. றோட்டு வெறுமையாகக் கிடந்தது. கார் அருமையாக இழுத்துக்கொண்டு போனது. உடைமரம் வந்தது. தெரிந்துகொண்டுதான் வந்தேன், கவனமாகத்தான் மிதித்தேன். கால் எழும்பிவிட்டது.

பின்னாலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். இருபத்துச் சொச்சம் வருடம் கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு பம்பை நம்பி வருகிறவர்.

"என்ன, காரில ஏதும் பிழையா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நானா திரும்பிப் பார்க்காமலே மறுமொழி சொன்னார்.

"காரில ஒரு பிழையுமில்ல. இஞ்ச இருந்த ஆக்கள் இந்த இடத்தில மெதுவாத்தான் போவினம். நாங்களும் பழகிக்கொள்ளுவம்."